"குறைஞ்சா ஊத்திக்கலாம்" என்பவர்களுக்கு

என் பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

கார் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு என்று நம் குழுவில் கேட்டிருந்தேன். "அதை எதுக்கு சார் மாத்தணும்? குறைஞ்சா ஊத்திக்கலாம்" என்று ஒருவன் எழுத, கீழே வரிசையாக லைக். லைக் போட்டவர்களில் இன்ஜினியர்களும் உண்டு. எனவே சண்டைக்குத்தான் வருகிறேன்.

முதலில், அது ஆயிலே இல்லை. பேச்சுவழக்கில் அப்படிச் சொல்கிறோம். நம் கார்களில் இருக்கும் டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவங்கள். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் உள்ளே போகும். ஆகவே ஒரு சொட்டும் குறையாமலேயே அது கெட்டுப்போகும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 155 டிகிரியே போதும் என்கிறது. டாட் 3-க்கு இது 205, 140.

பாஸ்கல் விதி நடத்தினேனே, நினைவிருக்கிறதா? திரவம் அமுங்காது, அதனால்தான் உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆவி அமுங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் பழைய திரவம் கொதித்து ஆவியாகும். பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். இதில் கொடுமை என்னவென்றால், வண்டி ஆறியதும் பெடல் பழையபடி ஆகிவிடும். மெக்கானிக் மிதித்துப் பார்த்து "ஒண்ணுமில்லையே சார்" என்பார்.

சரி, 'ஊத்திக்கலாம்' கட்சிக்கு வருகிறேன். டப்பாவில் அளவு இறங்கினால் பிரேக் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசியும். இரண்டையும் பார்க்காமல் நிரப்புவது பிழையை மறைப்பது. ரேங்க் கார்டில் மார்க்கைத் திருத்தியவனை நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

"சர்வீஸ்ல பாத்துக்குவாங்க" என்பது அடுத்த சாக்கு. என் காருக்கு வந்த பில்லிலும் பிரேக் ஃப்ளூயிட் என்ற வரிக்கு எதிரே டிக் இருந்தது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "லெவல் சார்." ஈரம் பார்க்கும் பேனா மாதிரிக் கருவி இருக்கிறதே? பதில் இல்லை.

சீட் கவருக்கும் பாட்டுப்பெட்டிக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறீர்கள். இது சில நூறு ரூபாய்த் திரவம், ஒரு மணி நேர வேலை. (சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதை நான் குறை சொல்லவில்லை. அதையும் செய்யுங்கள்.) பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருஷம்தான் கணக்கு, உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். சீல் உடைக்காத டப்பா வாங்குங்கள், போன வருஷ மிச்சம் வேண்டாம். இன்ஜின் ஆயிலைத் தவறியும் ஊற்றாதீர்கள், ரப்பர் சீல்கள் ஊதிவிடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இன்று சாயங்காலம் பானட்டைத் திறந்து, அந்த மூடியில் எழுதியிருக்கும் டாட் எண்ணைப் படம் எடுத்துக் கமென்டில் போடுங்கள். கடைசியாக மாற்றிய மாதத்தையும் சேர்த்து எழுதவும்.