பார்மட் போட்டால்தான் சரியாகுமா?

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7, மற்றொன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். தீர்த்தமலையில் ஒரே மலையில் ராமர் தீர்த்தமும் அகத்தியர் தீர்த்தமும் தனித்தனியே இருப்பதுபோல, ஒரே வட்டில் இரண்டும் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டுக்கொள்ளப் பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். எனக்கு உடன்பாடில்லாதது வேறு விஷயம். போட்டபின் ஏதாவது தகராறு என்று கடைக்குக் கொண்டுபோனால், முதல் பதிலே 'பார்மட் போட்டுடலாம் சார்' என்று வருகிறது. காய்ச்சல் என்று போனவனுக்கு ஆபரேஷன் செய்வது போன்றது இது.

பெரும்பாலான தகராறுகள் சின்னவை. லினக்ஸ் போட்ட பிறகும் கணினி நேராக விண்டோஸுக்கே போகிறதா? பயாஸில் பூட் வரிசையை மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் தேர்வுப் பட்டியல் காணாமல் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். லினக்ஸ் அழிந்திருக்காது, வாசல்தான் மறைந்திருக்கும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எதையும் எழுத முடியவில்லையா? விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இருந்தால் கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒருமுறை முழுதாக அணைத்துப் பாருங்கள்.

கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தப்பாகக் காட்டுகிறதா? கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும்.

இதில் எதற்காவது வட்டைத் துடைக்க வேண்டுமா?

பட்டா நகல் போனால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பென்ஷன் ஆணை நகலும் அப்படித்தான். மறைந்துபோனவர்களின் போட்டோவையும் பேத்தி முதன்முதலில் பேசிய வீடியோவையும் எந்த அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்குவது?

ஆகவே இரண்டாவது இயங்குதளம் போட நினைப்பவர்கள், முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பாருங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். இடம் பிரிப்பதை விண்டோஸிலேயே செய்யுங்கள். அளக்காமல் எல்லைக்கல் நட்டால் நிலத்தில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

அப்புறமும் கடைக்குப் போக நேர்ந்தால் கணினியைக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'பூட் வரிசையைப் பார்த்தீர்களா? என் கோப்புகளை எடுத்து வைத்தீர்களா?' இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வரும்வரை பார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.