கேலி யாரை உலுக்கும்?

கொள்கையைக் கேலி செய்தால் கொள்கைக்காரர் மனம் மாறுவார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் வால்டேர் 1759-இல் வெளியிட்ட ‘கான்டீட்’ என்ற நையாண்டிக் கதை போன்ற எழுத்து அவசியம் வேண்டும் என்பேன். இருக்கக்கூடிய உலகங்களிலேயே இதுதான் சிறந்தது என்ற லைப்னிட்ஸின் தத்துவம் அன்று ஐரோப்பாவில் படித்தவர்களிடம் செல்வாக்கோடு இருந்தது. 1755 நவம்பர் 1, லிஸ்பன் தேவாலயங்களில் திருநாள் கூட்டம் நிறைந்திருந்த காலையில் பூமி அதிர்ந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இதையும் நன்மைக் கணக்கில் எழுதுவதா என்ற கோபம் அந்தக் கதை முழுக்கக் கொதிக்கிறது. கதாநாயகன் கான்டீட்டுக்கும் அவன் குரு பாங்லாஸுக்கும் சோறு போட்ட ழாக் கடலில் விழுந்து தத்தளிக்கிறான். கான்டீட் குதிக்கப் போகிறான். லைப்னிட்ஸின் தத்துவத்தையே போதிக்கும் பாங்லாஸ் அவனைத் தடுத்து, இந்த மனிதன் மூழ்குவதற்கென்றே லிஸ்பன் துறைமுகம் உருவானது என்று நிரூபிக்கத் தொடங்குகிறார். ழாக் செத்துப்போகிறான். ஒரு கொள்கையின் கொடூரத்தை இத்தனை கிட்டத்தில் காட்டிய தர்க்க நூல் எதையும் நான் படித்ததில்லை. பாங்லாஸ் கடைசிவரை மாறவில்லை; தனக்கே நம்பிக்கை போன பிறகும், சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். மாறுவது மாணவன்தான். கரும்பாலையில் விரல் சிக்கியதற்குக் கையையும், தப்பியோட முயன்றதற்குக் காலையும் இழந்த அடிமையைச் சூரினாமில் பார்த்த பிறகுதான் குருவின் பாடத்தை உதறுகிறான். கொள்கையால் பிழைப்பவரை நையாண்டி அசைப்பது அபூர்வம். கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பழகிய நம்மைத்தான் அது பிடித்து உலுக்கும். ஜெனீவாவும் பாரிஸும் புத்தகத்துக்குத் தடை போட்டன. ஆனாலும் வெளியான ஆண்டிலேயே அது பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருந்தது.