மேசைமேற் போரும் விதி வகுக்கும் கல்வியும்

விளையாட்டு என்றவுடன் மைதானத்தை நினைப்பது நம் கல்லூரிகளில் ஊறிய வழக்கம். துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கின்றன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அவற்றிலெல்லாம் விதியை வகுத்தவர் பிறர்; மாணவன் அவ்விதிக்கு அடங்கி ஆடுகின்றான். அடங்கி ஆடுதல் ஒரு கல்வி. விதியைத் தானே வகுத்தல் வேறொரு கல்வி. இப்பின்னைய கல்விக்கு மிக ஏற்ற களம், சிறு பதுமைகளைக் கொண்டு மேசைமேல் ஆடப்படும் போர் விளையாட்டு என்பது என் கருத்து. அதிலும், கடையில் வாங்கிய விதிநூலைப் பின்பற்றி ஆடுவதைக் காட்டிலும், விதிகளையும் களநிலைகளையும் வீட்டிலேயே ஆக்கிக் கொள்வதே அதன் உயிர் என்பது என் துணிபு.

இவ்விளையாட்டின் மூலவேர் நமக்கு அந்நியமானதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறித்த சதுரங்கமே, பாரசீகர், அராபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, அங்கே போர் விளையாட்டுக்கு வித்தாயிற்று. 1780ஆம் ஆண்டில் பிறவுன்சுவிக் நகரத்து ஆசிரியராகிய ஹெல்விக் என்பார் சதுரங்கப் பலகையைப் பெருக்கி, மலையையும் ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் வெவ்வேறு நிறக் கட்டங்களாற் காட்டினார். பிரசிய நாட்டு றைஸ்விற்ஸ் 1812இல் கட்டங்களையே நீக்கி, நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் மேசையொன்றைத் தம் அரசருக்கு அளித்தார். பீரங்கிப் படையிற் பணியாற்றிய அவர்தம் மைந்தர் 1824இல் வெளியிட்ட விதிகளில் 8,000இல் ஒரு பங்கு அளவுடைய நிலப்படமும், இரண்டு நிமிடத்தைக் குறிக்கும் ஆட்டமுறையும், பகடையும், நடுவரும் இடம்பெற்றன. இவர்களுள் எவரும் முன்னோர் விதியைப் போற்றியதோடு நின்றுவிடவில்லை; அதிற் குறை கண்டு திருத்தினர். மகன் தந்தையின் விளையாட்டையே திருத்தினான் என்பது கவனிக்கத்தக்கது.

படைத்தலைவரின் பயிற்சியாயிருந்த இதனைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்கியவருள் தலையாயவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ். 1913இல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வோர்ஸ்' என்னும் நூலில், காலாள் ஒரு முறைக்கு ஓர் அடியும் குதிரைவீரன் இரண்டு அடியும் நகரலாம். வில்லழுத்தத்தால் இயங்கும் பொம்மைப் பீரங்கி மரக்குண்டை எறிந்து பதுமைகளை வீழ்த்தும். அந்நூலின் பெரும் பயன், விதிகள் எவ்வாறு ஆடியாடித் திருத்தப்பட்டன என்பதை அது மறையாது கூறுவதேயாம். அறுபதுகளில் டொனால்ட் பெதர்ஸ்ரோன் போன்றோர் இம்மரபை வளர்த்தனர். பின்னர், பதுமைப் போருக்கென ஆக்கிய விதிகளைச் சில அமெரிக்க இளைஞர் மாற்றி மாற்றி ஆடியதன் விளைவாகவே, 1974இல் கற்பனைப் பாத்திரங்களை ஏற்று நடிக்கும் புதியதொரு விளையாட்டினம் தோன்றியது. சொந்த விதி செய்வோர் இல்லையேல் அதுவும் இல்லை.

விதி செய்தலால் மாணவன் அடையும் பயன் யாது? ஒவ்வொரு விதியும் உலகைப் பற்றிய ஒரு கூற்று ஆகும். ஓர் அங்குலம் 50 யாரைக் குறிக்குமெனவும், ஒரு முறை 2 நிமிடமெனவும் கொள்வோம். நிமிடத்துக்கு 75 யார் நடக்கும் காலாட்படை முறைக்கு 3 அங்குலம் நகரும். சேற்றில் எவ்வளவு? இரவில் எவ்வளவு? களைத்த படை எவ்வளவு? இவற்றுக்கு விடை காண மாணவன் சரித்திர நூலைத் தேடிச் செல்ல வேண்டும். பகடையை எடுத்த மாத்திரத்தே கணிதம் உள்ளே வந்துவிடுகின்றது. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 ஆவதற்கு 36இல் 6 வழிகள் உண்டு. 12 ஆவதற்கு ஒரே வழிதான். இதை அறியாதவன் வகுக்கும் விதி, அஞ்சி ஓட வேண்டிய படையை அசையாது நிறுத்தும். விதியைச் சோதிக்கும் உரைகல்லும் சரித்திரமே. சதுரவணி வகுத்து நின்ற காலாட்படையைக் குதிரைப்படை ஒவ்வொரு முறையும் எளிதிற் சிதறடிக்குமாயின், குற்றம் பகடையினதன்று, விதியினது.

களநிலை அமைத்தல் இதனினும் நுட்பமானது. இருபக்கமும் சமபலமாக நின்று மோதுவது சதுரங்கத்துக்குப் பொருந்தும். உண்மைப் போர்கள் அவ்வாறு நிகழ்வதில்லை. 1815 யூன் 18இல் வாட்டர்லூவில் வெலிங்டன் மேட்டு நிலத்தைக் காத்து நின்றது, புளூக்கரின் பிரசியப் படை வந்து சேரும் என்னும் நம்பிக்கையினாலேயே. அப்படை பிற்பகல் நான்கரை மணியளவிற் களத்திற் புகுந்தது. இதனை நாம் அறிவோம். அன்று களத்தில் நின்றவர் அறியார். அந்நேரத்தையே விதியில் எழுதிவிட்டால் வெலிங்டனாக ஆடுபவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பதிலாக மூன்று மணி முதல் அரைமணிக்கு ஒரு தரம் பகடையை உருட்டி, 5 அல்லது 6 விழுந்தாற் படை வரும் என வைப்போம். மூன்று தரம் உருட்டியும் வாராதிருக்கும் வாய்ப்பு 27இல் 8 ஆகும். இப்பொழுது ஆடுபவன் வெலிங்டனின் கவலையைத் தானும் படுகின்றான்.

இஃது வெறும் சிறுபிள்ளை விளையாட்டென்பார்க்கு லிவர்பூல் நகரத்து நிகழ்ச்சியொன்றை நினைவூட்டலாம். காசநோயாற் கடற்படையினின்றும் ஓய்வு பெற்றிருந்த கில்பேட் றொபேட்ஸ் என்பார், 1942இல், இளம் பெண்களின் துணையுடன் அங்கே ஒரு பயிற்சிக்கூடத்தை அமைத்தார். தரையே கடலாயிற்று; சுண்ணக்கட்டிக் கோடுகளே கப்பற் பாதைகளாயின. ஆடும் அதிகாரிகள் திரைத்துளை வழியாகத் தமக்குத் தெரியக்கூடியதை மாத்திரம் பார்த்தனர். நீர்மூழ்கிகள் வாணிகக் கப்பற் கூட்டத்துக்கு வெளியே நின்று சுடுகின்றன என்பதே அதுவரை நிலவிய எண்ணம். அவை பின்புறமாகக் கூட்டத்தின் உள்ளேயே புகுந்து சுடுகின்றன என்பதை அத்தரை விளையாட்டு உணர்த்தியது. அதற்கேற்ப மாற்றுத் தந்திரம் வகுக்கப்பட்டது. கடைவிதியை ஆடியிருப்பின் இதனைக் கண்டிருத்தல் இயலாது.

இனி, தடைகள் இரண்டை நோக்குவோம். தானே விதி செய்பவன் தனக்குச் சாதகமாகவே செய்வான் என்பது முதலாவது. ஆகவேதான் விதி ஆட்டத்துக்கு முன்னரே எழுதப்படல் வேண்டும். இருபக்கத்தார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். திருத்தம் ஆட்டம் முடிந்த பின்னரே செய்யப்படல் வேண்டும். தான் இயற்றிய விதியாலேயே தோற்று, அதற்கு முகங்கோணாது தலைவணங்கும் மாணவன், சட்டம் என்பது யாதென்பதைக் குடியியற் பாடநூலினும் தெளிவாகக் கற்றவனாவான்.

இரண்டாவது தடை கனமானது. போரைக் கண்ணாரக் கண்ட நாடு இது. 2009இல் முடிவுற்ற நெடும்போரில் உறவையும் வீட்டையும் இழந்தோர் இவ்விதழை வாசிப்போருள்ளும் இருப்பர். அத்தகைய மண்ணிற் பிள்ளைகள் போரை விளையாட்டாக்கலாமா என்ற வினாவை அலட்சியஞ் செய்தல் தகாது. நம் புண்ணை மேசைமேல் வைத்து ஆடுதல் கூடாது என்பதே என் விடை. காலத்தாலும் தூரத்தாலும் அகன்ற போர்களே மேசைக்கு உரியன. ஆனால் விதி செய்பவன் போரைப் புகழ்பவனாகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை. வெற்றியை எதனால் அளப்பது என்று தீர்மானிப்பவன் அவனே. பிடித்த நிலத்தால் மட்டும் அளவாது, காப்பாற்றிய உயிர்களாலும் அளக்கும் விதியை அவன் எழுதலாம். ஆற்றைக் கடந்து ஓர் ஊர் மக்களைப் பாதுகாப்பாகக் கொண்டு செல்வதையே களநிலையாக அமைக்கலாம். வெல்ஸும் தம் நூலின் இறுதியில், மெய்ப்போர் எத்துணை அறிவீனமானது என்பதை இச்சிறு போர்கள் உணர்த்தும் என்றே முடித்தார். மறு ஆண்டிலேயே பெரும்போர் மூண்டது; அவர் கூற்றின் உண்மையை அது பெருக்கிக் காட்டியது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. மட்டைத்துண்டு படையாகலாம், சட்டைப் பொத்தான் பீரங்கியாகலாம், நீலநூல் ஆறாகலாம். வேண்டுவன ஒரு மேசையும், ஓர் அளவுகோலும், இரண்டு பகடைகளும், ஒரு கொப்பியுமே. நமது கல்லூரிச் சரித்திர மன்றம் தவணைக்கு ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குமாயின் நன்று. கணித ஆசிரியரும் சரித்திர ஆசிரியரும் ஒரே மேசையருகிற் கூடிநின்று வாதிடும் காட்சியை மாணவர் காணட்டும். மேசையையும் பகடையையும் வாங்கித் தரும் பொறுப்பைப் பழைய மாணவராகிய நாம் ஏற்போமாக. விதியை எழுத வேண்டியவர் மாணவரே. அதை நாம் எழுதிக் கொடுத்தல் கூடாது.