இருமலை அலட்சியம் செய்யாதீர்!

வேடசந்தூர் வட்டாரத்து நூல் மில்லில் ஒரு பெண் இருமினால் "பஞ்சுத் தூசி" என்பார்கள். நிலக்கோட்டையில் பூப்பறிக்கும் பெண் இருமினால் "சளி" என்பார்கள். காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் "டி.பி."தான்! மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்துகொண்டு வந்த பெண்ணுக்கு இந்த அவசரத் தீர்ப்பு ஆபத்தானது.

மார்பில் கதிர் பாய்ச்சும்போது விலாவுக்கு அடியிலுள்ள நுரையீரலின் ஓரத்திலும் கொஞ்சம் படுகிறது. காறையெலும்புப் பக்கமும் பாய்ச்சினால் நுரையீரலின் மேல்நுனியிலும் படும். இதனால் நூற்றில் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகிறது. சிலருக்குத்தான், இதற்குப் பயந்து எவரும் வைத்தியத்தைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. ஆனால் இது வைத்தியத்தின்போது வருவதில்லை. பெரும்பாலும் எல்லாம் முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள், வேலைக்குத் திரும்பிய பிறகு வருகிறது. வறட்டு இருமல், லேசான காய்ச்சல், ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குதல்.

எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரியலாம். காசநோயின் நிழலும் பெரும்பாலும் அங்கேதான்! சளியைச் சோதிக்காமல் ஆறு மாதம் டி.பி. மாத்திரை விழுங்கி என்ன பயன்? சளிச் சோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அழற்சி என்று உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரை பலருக்குக் குணம் தருகிறது. அதை டாக்டர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். மருந்துக் கடையில் தானே வாங்கித் தின்பது கூடாது. காசநோய் மறைந்திருந்தால் அது முற்றிவிடும். தூசி நோய்க்கு வேறு அடையாளம் உண்டு: வார லீவு முடிந்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சு இறுகும்.

கதிர் வைத்தியம் செய்துகொண்டதை டாக்டரிடம் சொன்னால்தானே அவர் இதை நினைப்பார்? வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள். சகோதரிகளே, மறைக்காதீர்கள், வைத்தியச் சீட்டை எங்கும் கொண்டு செல்லுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் இரண்டாண்டு தொடர்ந்து வேலையிலிருந்து சந்தா விதிகளைப் பூர்த்தி செய்தவருக்குப் புற்றுநோய்க்காக இரண்டாண்டு வரை நூற்றுக்கு 80 பங்கு சம்பளம் உண்டு. அது பிச்சையல்ல, அவர்கள் சந்தா கட்டிய பணம். இருமும் பெண்ணை புளோ ரூமிலும் கார்டிங்கிலும் நிறுத்துவது அக்கிரமம்.

விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இந்தச் சம்பளமும் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும். இழந்த கூலியை யார் கட்டுவார்? மதுரைக்கோ கோவைக்கோ போய்வரும் ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலியில்லாத நாள். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கதிர் வைத்தியம் முடித்தவர்களின் பெயரை அங்கே பதிந்து, முதல் ஆறு மாதம் நெஞ்சுப் பரிசோதனையை அங்கேயே செய்ய வேண்டும். வைத்தியச் சீட்டைத் தமிழிலும் எழுதித் தர வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கிறோம்.