மேடேறும் முன் கையால் பூட்டுவோம்

நெகிரி செம்பிலான் செம்பனைத் தோட்டங்களில் பழைய ஃபோர் வீல் பிக்அப்புகளுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. குலைகளை டிராக்டரும் லோரியும் சுமக்கின்றன. உர மூட்டை, மருந்து அடிக்கும் தோம்பு, குடிதண்ணீர், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்து மேட்டுக்காட்டுக்குப் போகும் ஆட்கள், நடுராத்திரியில் காய்ச்சலோடு கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டிய பிள்ளை, இவ்வளவும் பிக்அப்பின் பொறுப்பு. அந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு ஆட்டோ ஹப் உள்ளவற்றை, கையால் திருப்பிப் பூட்டும் மேனுவல் ஹப்புக்கு மாற்ற வேண்டும் என்கிறேன். அதற்கான செலவை நிர்வாகமே ஏற்க வேண்டும். உள்ளங்கை அகல உருப்படியைப் பற்றி ஒரு பத்திரிகையில் இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈரச் செம்மண் சரிவில் இறங்கும் வண்டிக்கு முன்சக்கரப் பிடி இருக்கிறதா இல்லையா என்பது அந்த உருப்படியில்தான் இருக்கிறது.

ஹப்பின் வேலை எளிது. தார்ச்சாலையில் வண்டி பின்சக்கரங்களின் இழுவையில் மட்டும் ஓடும். அப்போது முன் ஆக்சிலும் அதோடு சேர்ந்த தண்டும் வீணாகச் சுழன்று தேயாமல் இருக்க, சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரித்து வைக்கும். காட்டுக்குள் போகும்போது இரண்டையும் கோத்துவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்தர் வார்ன் என்பவர், ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் சாதாரண சாலையில் லேசாக ஓட வேண்டும் என்பதற்காக 1948-இல் இதைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னர் 80, 90-களில் இசுசு ட்ரூப்பர், சுசுகி விட்டாரா, நிசான் தெரானோ போன்ற வண்டிகள் தானே பூட்டிக்கொள்ளும் ஹப்போடு வந்தன. மழையில் இறங்க வேண்டாம், கை அழுக்காக வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. நகரத்தில் இருந்துகொண்டு எப்போதாவது மணலில் இறங்குகிறவருக்கு அது நியாயமான வசதிதான்.

தோட்டத்தில் அதன் குணம் வேறாகத் தெரிகிறது. ஃபோர் வீல் கியரைப் போட்டதும் முன் ஆக்சில் சுழலும். ஆக்சிலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் உண்டாகும் சிறு வேக வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கேம் ஒரு பல்வளையத்தைத் தள்ளிச் சக்கரத்தோடு கோக்கும். பூட்டை விடுவிக்க, கியரைப் பழைய நிலைக்கு மாற்றிவிட்டு வண்டியை ஓரிரு மீட்டர் பின்னால் எடுக்க வேண்டும். அதாவது சுழற்சியின் திசை மாறுவதுதான் பூட்டு விடுவதற்கான சாவி. சேற்றில் மாட்டிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டித்தானே வெளியே எடுக்கிறோம்? ஒவ்வொரு ஆட்டத்திலும் பூட்டு ஒரு கணம் விட்டு, மறுபடி இடித்துப் பிடிக்கிறது. இறக்கத்தில் இது இன்னும் மோசம். ஏறும்போது எஞ்சின் சக்கரத்தை இழுக்கிறது. இறங்கும்போது சக்கரம் எஞ்சினை இழுக்க, எஞ்சின் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. விசை திரும்பும் அந்த இடைவெளியில் பூட்டு விட்டு, மறுபக்கம் பற்ற வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, சேற்றுத்தண்ணீர் புகுந்து கிரீஸ் கெட்டியாகியிருந்தாலோ அது பற்றாமல் போகலாம். அப்போது எஞ்சினின் பிடி பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். வண்டி மூக்கைக் கவிழ்த்து இறங்குகிறது, பாரம் முழுக்க முன்சக்கரத்தின் மேல் சாய்ந்திருக்கிறது, பின்பக்கம் லேசாகிவிட்டது. பிடி தேவைப்படுகிற இடத்தில் பிடி இல்லை. வேறு சில வண்டிகளில் கேமுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சி இழுக்கும் ரப்பர் குழாய்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அங்கே குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால் போதும்.

எந்த உருப்படியும் கெடும். மேனுவல் ஹப்பும் கெடும். ஆனால் ஆட்டோ ஹப் கெட்டால் அது யாருக்கும் தெரிவதில்லை. கியர் விழுந்திருக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், சக்கரத்தில் பூட்டு இருக்காது. மேனுவல் ஹப்பில் சக்கரத்தின் நடுவிலேயே ஒரு திருகு இருக்கிறது. அது பூட்டிய பக்கம் நிற்கிறதா, விட்ட பக்கம் நிற்கிறதா என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். கடும் உழைப்புக்கென்று வண்டி செய்கிறவர்களுக்கும் இது தெரியும். நிசான் பேட்ரோலின் ஆட்டோ ஹப்பில், சக்கர ஸ்பேனரால் திருப்பி நிரந்தரமாகப் பூட்டிவைக்க ஒரு நிலையையும் சேர்த்தே கொடுத்தார்கள். நம் மண்ணுக்கு அந்த உறுதி கட்டாயம் வேண்டும். தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த ஊர் என்று பெயரெடுத்தது நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில் உள்ள கோலா கிளாவாங். அங்கேயே ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பதைவிட அது அதிகம். தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடி அடிவாரத்தில், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மழையில் செம்மண் பாதை எப்படி வழுக்கும் என்பதைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, ஓட்டுநர் மழையில் இறங்கிச் சேற்றில் குனிய வேண்டுமே என்பது. குனிய வேண்டாம். விடிகாலையில் பெரட்டுக்களத்திலேயே இரண்டு பக்கமும் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். ஹப் பூட்டியிருந்தாலும், கியர் இரண்டு சக்கர நிலையில் இருக்கும்வரை தார்ச்சாலையில் ஓடுவதால் கெடுதல் இல்லை. முன் ஆக்சில் கூடவே சுற்றும், எண்ணெய் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அவ்வளவே. பகாவுக்கோ சிரம்பானுக்கோ தூரப் பயணம் போகும் நாளில் விட்டுக்கொள்ளலாம். இரண்டாவது மறுப்புக்குக் கனம் அதிகம்: மனிதன் மறப்பான். மறந்து பூட்டாமல் போனால், மேனுவல் ஹப் வண்டியிலும் விளக்கு எரியும், முன்சக்கரம் இழுக்காது. ஒரு பக்கம் பூட்டி மறுபக்கத்தை விட்டாலும் அதே கதைதான், ஏனென்றால் டிஃபரென்ஷியல் விசையை எதிர்ப்பில்லாத பக்கத்துக்கே அனுப்பிவிடும். இந்தக் குறையை மறைத்து வாதாட நான் தயாரில்லை. ஆனால் மறதிக்கு மருந்து இருக்கிறது. டயரில் காற்று, ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கும் காலைச் சோதனையில் இரண்டு திருகுகளையும் சேர்த்துக்கொண்டால் போதும். வண்டிக்காரர் மறந்ததைப் பின்னால் ஏறப்போகும் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) பார்த்துச் சொல்லவும் முடியும். தேய்ந்துபோன ஸ்பிரிங்கை யார் பார்த்துச் சொல்வது?

புதிய ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் சக்கரத்தில் பூட்டே கிடையாது. முன் டிஃபரென்ஷியலுக்குள்ளேயே மின்விசையால் இணைப்பு நடக்கிறது. அவற்றைப் பிரித்து மாற்றச் சொல்லவில்லை. விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் இணைப்பு இன்னும் முடியவில்லை என்பதை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். என் வாதம் பழைய ஆட்டோ ஹப் வண்டிகளைப் பற்றியது. பழைய வண்டிக்குப் புதுச் செலவா என்று கணக்குப் பிரிவு கேட்கும். கேட்கட்டும். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும் என்று குலைக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறோம். பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பிக்அப் சேற்றில் நின்றால், அதை இழுக்க டிராக்டர் வரவேண்டும், அதுவரை குலை தளத்தில் கிடக்கும். குலைக்குக் காட்டும் கவனத்தில் பாதியை ஆட்கள் ஏறும் வண்டிக்குக் காட்டினாலே இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

மாற்றுவதையும் முறையாகச் செய்ய வேண்டும். அதே மாடலின் மலிவுவிலை வகை மேனுவல் ஹப்போடு விற்கப்பட்டிருந்தால், அதன் உருப்படியைத் தேடுவது நல்லது. ஆக்சில் நுனியின் பற்களை எண்ணிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பல வண்டிகளில் ஆட்டோ ஹப்பின் ஒரு பகுதி, பேரிங்கை இறுக்கும் நட்டோடு சேர்ந்தே இருக்கும். ஆகவே நட்டும் வாஷரும் கூடவே மாற வேண்டும், பேரிங் இறுக்கத்தைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பூட்டு நன்றாயிருக்கும், பேரிங் போய்விடும். உள்ளே கிரீஸை அள்ளித் திணிக்கக் கூடாது, திருகு இறுகிவிடும். மாதத்தில் சில கிலோமீட்டராவது பூட்டி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுழலாத முன்பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேராது. பழக்கமுள்ள மெக்கானிக்குக்கு ஒரு வண்டிக்கு அரைநாள் வேலை.

இது நிர்வாகம் இரக்கப்பட்டுச் செய்யும் உதவி என்று யாரும் எண்ண வேண்டாம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கருவிகளைப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பதையும் தொழிலாளிக்குப் பயிற்சி தருவதையும் முதலாளியின் கடமை என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் ஒரு படி மேலே போகிறது. உடனடி ஆபத்தை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். முன்சக்கரம் பிடிக்காத வண்டியில் ஆட்களை ஏற்றி மேட்டுக்குப் போக மாட்டேன் என்று ஓட்டுநர் சொன்னால், அதை அடங்காமை என்று குறித்துக்கொள்ளாமல், வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அக்டோபர் மழைக்கு முன்பே ஒவ்வொரு தோட்டத்துப் பட்டறையும் தன்னிடம் உள்ள வண்டிகளில் எத்தனைக்கு இன்னும் ஆட்டோ ஹப் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, மேட்டுக்காட்டுக்கு ஆள் ஏற்றும் வண்டியிலிருந்து வேலையைத் தொடங்கட்டும்.