தாயர் நலமும் துணைப்பணியாளரும்

உலகில் நிகழும் தொழில்களுள் புகழ் தருவன சில. புகழின்றியே பயன் தருவன பல. மருத்துவத் துறையிலும் நிலைமை இதுவே. மருத்துவரை அறிவோம், செவிலியரையும் அறிவோம். இவ்விருவர்க்கும் முன்னே நின்று, கர்ப்பிணிப் பெண்டிரை வரவேற்று, வரிசையில் அமர்த்தி, நிறை பார்த்து, அட்டையைச் சரிபார்த்து உள்ளே அனுப்பும் துணைப்பணியாளரை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? அவர்தம் பணி தாயர் உயிரைக் காக்கும் முதற் காவல் என்பதும், அக்காவலுக்கேற்ற பயிற்சியும் ஊதியமும் மதிப்பும் அவர்க்கு அளித்தல் வேண்டும் என்பதும் ஈண்டு யாம் கூற விரும்பும் கருத்தாகும்.

சென்ற கோடை விடுமுறையில் எம் தமக்கையார் தலைப்பேற்றை எதிர்நோக்கியிருந்தார். மைத்துனர் வெளியூரில் பணியாற்றியமையால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவரை அழைத்துச் செல்லும் கடமை எமக்கு வாய்த்தது. மும்முறை சென்றோம், ஒவ்வொரு முறையும் தாழ்வாரத்துப் பலகையில் நெடுநேரம் காத்திருந்தோம். அங்ஙனம் காத்திருந்தபோதுதான், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நிரம்பிய பணியாளர் ஒருவரின் தொழிலைக் கண்ணாரக் கண்டோம். அனைவரும் அவரை ‘அக்கா’ என்றே அழைத்தனர்.

அவர் தொழில் புறநோக்கில் எளிது. உற்று நோக்குவார்க்கு அத்துணை எளிதன்று. சர்க்கரை நோய்ச் சோதனை ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவோம். 75 கிராம் குளுக்கோஸை நீரிற் கரைத்துக் குடித்த பெண்ணின் இரத்தத்தைச் சரியாக இரண்டு மணி நேரங் கழித்து எடுத்தல் வேண்டும். இடையில் அவள் ஏதேனும் உண்டாலும், பேருந்துக்கு நேரமாயிற்று என வீடு திரும்பினாலும் சோதனை பழுதாம். குடித்த சிறிது நேரத்தில் வாந்தியெடுத்தால் வேறொரு நாளில் மீண்டும் தொடங்கவேண்டும். முப்பது பெண்டிருள் யார் எப்பொழுது குடித்தார் என்பதை நினைவில் வைத்து, மயக்கம் வருவார்க்குச் சாய இடந்தந்து, உரிய நேரத்தில் பெயர் சொல்லி அழைப்பவர் அந்த அக்காவே. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறதென ஒளிவாக எறிந்துவிடும் பெண்ணையும் அவர் கண்டுகொள்வார், வைதறியார். “இராச் சோற்றுக்குப் பின் போட்டுப் பார், தாயி, தேயிலைத் தண்ணீரோடு மட்டும் போடாதே,” என்பார்.

மூன்றாம் முறை சென்றபோது தமக்கையார்க்கு எட்டாந் திங்கள். அன்று கூட்டம் மிகுதி. எம் சீட்டு இருபத்தாறாவது. எம்மைக் கடந்து சென்ற அக்கா திரும்பி வந்து, தமக்கையாரின் கையைப் பற்றி, “போன தடவை கலகலவென்று கிடந்த வளையல் இன்றைக்கு ஏன் இப்படிப் பிடிக்கிறது?” என்றார். பின்னர்க் காதோடு ஏதோ வினவினார். இரண்டு நாளாய்த் தலைவலி என்பதும், கண்முன் மின்மினி பறப்பதுபோல் தோன்றுகிறது என்பதும் அப்பொழுதுதான் வெளிவந்தன. சீட்டின் முறைக்குக் காத்திராமல் செவிலியரிடம் அழைத்துச் சென்றார். இரத்த அழுத்தம் 160/110. சிறுநீரிற் புரதமும் காணப்பட்டது. ஒரு மணி நேரத்துள் 108 வண்டியில் தலைமை மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். குறைமாதத்திற் பிறந்த குழவியும் தாயும் இன்று நலமாயுள்ளனர். “எம்மிடம் ஏன் முன்னரே கூறவில்லை?” என்று பின்னொரு நாள் வினவினோம். “தம்பியிடம் எப்படிச் சொல்வது? டாக்டரம்மாவிடம் சொல்ல நேரம் ஏது?” என்பதே விடையாயிற்று.

இவ்விடையில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. திண்டிவனத்தில் ஓரிரவில் மூவர் வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியர்க்கு உதவுமாறு ஐடா ஸ்கடர் என்னும் இளமங்கையை வேண்டினர். மருத்துவராகிய அவர் தந்தையாரை ஆடவர் என்ற காரணத்தால் ஏற்க மறுத்தனர். மருத்துவம் பயிலாத அம்மங்கையால் உதவ இயலவில்லை. பெண்டிர் மூவரும் மாண்டனர். அத்துயரமே அவரை மருத்துவராக்கியது. 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் மருத்துவச்சாலை தொடங்கச் செய்தது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவவும் செய்தது. அன்று தடையாய் நின்றது அடைத்த கதவு. இன்று கதவு திறந்துள்ளது. பெண் மருத்துவரும் பலர் உளர். ஆயினும் நாணமும் அவசரமும் இன்னும் தடையாய் நிற்கின்றன. 2023-இல் உலகெங்கும் கருப்பத்தாலும் பேற்றாலும் மாண்ட பெண்டிர் ஏறத்தாழ 2,60,000 என உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகின்றது. அவற்றுட் பெரும்பாலன தடுக்கத்தக்கன என்பதே நெஞ்சைச் சுடுவது.

தமிழ் பயில்வார்க்கு ஈண்டு அகத்திணை நினைவுக்கு வரும். அறத்தொடு நிற்றலில் தலைவியின் நெஞ்சத்துள்ளதைத் தோழி அறிந்து செவிலிக்கு உரைப்பாள்; செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். இடையில் ஒருத்தி வாய் திறவாளாயின் செய்தி சென்று சேராது. சுகாதார நிலையத்திலும் இம்முறையே நிகழ்கின்றது. கர்ப்பிணி துணைப்பணியாளர்க்கு, அவர் செவிலியர்க்கு, செவிலியர் மருத்துவர்க்கு எனச் செய்தி செல்கின்றது. முதற் கண்ணி அற்றுப்போமாயின் கருவிகள் எத்துணை இருந்தும் என் பயன்?

நிற்க. இப்பணியாளர் எல்லாரும் குறையற்றவர் என யாம் கூறவில்லை. கடுஞ்சொல் கூறுவாரும், செய்யும் உதவிக்குக் கைநீட்டுவாரும் சிலர் உளர். அது கண்டிக்கத்தக்கதே, வறுமை அதற்குச் சமாதானமாகாது. இன்னும் சிலர், ‘இவர்க்கு இடங்கொடுத்தால் தாமே மருந்து சொல்லத் தொடங்குவர்’ என அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. நோய் இன்னதெனத் துணிவது அவர் வேலையன்று. கண்டதையும் கேட்டதையும் உடனே உரைப்பதே அவர் வேலை. எல்லையை நன்கு கற்பித்தலே இவ்வச்சத்திற்கு மருந்து. வாயை அடைத்தல் அன்று.

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, முறையான பயிற்சியும் அதற்குச் சான்றிதழும். கைகால் முகவீக்கம், கண் மங்கல், உதிரப்போக்கு, குழவியின் அசைவு குறைதல் ஆகிய அபாயக் குறிகளை ஒவ்வொரு துணைப்பணியாளரும் ஐயமற அறிதல் வேண்டும். இரண்டாவது, நிலையான வேலை. ஒப்பந்தத்தின்மேல் அமர்த்தப்பட்டு, ‘அடுத்த ஆண்டு இருப்போமா?’ எனக் கலங்கும் ஒருவரிடம் நாம் ஓர் உயிரின் காவலை ஒப்படைக்கின்றோம். எம் தமக்கையாரைக் காத்த அக்காவும் அந்நிலையினரே. மூன்றாவது, அவர் கூறுவதைச் செவிலியரும் மருத்துவரும் செவிமடுத்தல். அன்று அச்செவிலியர் ‘முறைப்படி வரட்டும்’ என்று கூறியிருப்பின், எம் இல்லத்தில் இன்று தொட்டில் ஆடுமோ, அறியோம்.

இவை அரசினரும் அதிகாரிகளும் செய்யவேண்டுவன. மாணவராகிய நாம் செய்யக் கூடியதும் ஒன்றுண்டு. ‘ஆயா வேலை’ என இகழ்ந்து கூறும் வழக்கம் நம் விடுதியறைகளிலும் இருக்கின்றது, யாமும் கூறியதுண்டு. இனிக் கூறோம். மும்முறை சென்றும் அவ்வக்காவின் பெயரை வினவாமல் வந்துவிட்டோம். குழவியின் தடுப்பூசிக்குச் செல்லும்போது முதற்கண் அதனை வினவ எண்ணியுள்ளோம். நண்பர்களே, நீங்களும் உங்கள் ஊர் நிலையத்திற்குச் செல்லுங்கால் அங்ஙனமே செய்வீராக.