பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாமா?

(மூன்றாமாண்டு கணிப்பொறியியல் மாணவன், கட்டுமாவடி)



பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாசனையே ஆளைக் கூட்டி வந்துவிடுமாம். எங்கள் ஊர் மீன் மார்க்கெட்டுக்கும் இது பொருந்தும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், கட்டுமாவடி வந்துவிட்டது என்று! ஆனால் செல்போனில் தேடுகிறவருக்கு மூக்கு ஏது? அவருக்கு கூகுள் எதைக் காட்டுகிறதோ அதுதான் ஊர், அதுதான் கடை. அதில் இல்லாதவன் உலகத்திலேயே இல்லாதவன் என்ற நிலை வந்துவிட்டது. இது சரியா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் கதை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மார்க்கெட்டில் மீன் கூடை தூக்குகிறார். அம்மா கருவாடு விற்கிறார். சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ‘தேடுபொறி மேம்பாடு (எஸ்.இ.ஓ.) படியுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்’ என்று போட்டிருந்தது. கட்டணம் 4,500 ரூபாய். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். நோட்டெல்லாம் கருவாட்டு வாசம்.

மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே சொல்லைப் பக்கம் முழுக்க ஐம்பது தடவை எழுது. காசு கொடுத்து மற்ற தளங்களிலிருந்து இணைப்பு வாங்கு. கடைப் பெயரோடு ‘பெஸ்ட், பிரஷ், சீப்’ எல்லாவற்றையும் சேர். சிநேகிதர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல். இவ்வளவுதான் பாடம்!

மாமா ஒரு சின்ன மீன் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில்தான் என் வித்தையைக் காட்டினேன். முதல் பத்து நாள் பேராவூரணி, அறந்தாங்கி பக்கமிருந்து போன் வந்தது. “மாப்ளே, படிச்ச படிப்பு வீண் போகலடா!” என்று மாமா டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் வரைபடத்தில் கடையையே காணோம்! பெயரில் தேவையில்லாத சொற்களை அடைத்தது விதிப்படி தப்பு. அந்த விதியை நான் படித்துப் பார்க்கவே இல்லை. மாமா என்னைத் திட்டவில்லை. “பரவால்ல மாப்ளே, முன்னாடி இல்லாமலா ஏவாரம் பாத்தோம்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 1998-ல் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள் என்று பார்த்து மதிப்புப் போடுவது அவர்கள் கண்ட வழி. நம் ஊரில் பெண் பார்க்கப் போகும்போது நாலு பேரிடம் விசாரிப்பதில்லையா, அந்த மாதிரி. உடனே பொய்ச் சாட்சிகள் கிளம்பிவிட்டன. கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் ‘பாண்டா’ என்ற மாற்றம் வந்தது. சரக்கில்லாத பக்கங்கள் கீழே போயின. 2012-ல் ‘பெங்குவின்’, காசுக்கு வாங்கிய இணைப்புகள் செல்லாக்காசாயின. 2015-ல் செல்போனில் ஒழுங்காகத் தெரியும் பக்கங்களுக்கு முன்னுரிமை. 2019-ல் ‘பெர்ட்’ வந்தபிறகு தனித்தனிச் சொல்லை மட்டும் பாராமல், வாக்கியத்தின் பொருளையும் இன்னும் நன்றாகப் பார்க்கத் தொடங்கியது.

ஆண்டுகளைக் கணக்குப் பாருங்கள். நான் பால்வாடிக்குப் போன காலத்தில் செத்துப்போன தந்திரங்களுக்கு என் அம்மா 4,500 ரூபாய் கொடுத்திருக்கிறார்!

பிறகு செய்ததைச் சொல்கிறேன். கடைக்குப் பலகையில் உள்ள பெயரையே வைத்தேன். உண்மையான நேரம், உண்மையான போட்டோ, போன் நம்பர் கொடுத்து, தவறைத் திருத்திவிட்டேன் என்று முறையாக விண்ணப்பித்தேன். கடை திரும்ப வந்தது. ஒரு பக்க இணையத்தளம் போட்டு, அதை கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவியில் இணைத்தேன். என்ன சொல்லைத் தட்டி மக்கள் நம் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று அது காட்டும். பார்த்தால், நான் முக்கி முக்கி எழுதிய ‘பெஸ்ட் பிரஷ் ஃபிஷ்’ என்பதை ஒருவரும் தேடவில்லை. ‘கட்டுமாவடி நண்டு விலை’ என்றுதான் தேடியிருக்கிறார்கள். அதுவும் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறார்கள்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. இந்தத் தொழிலின் வேர் கருவியில் இல்லை, ஜனங்களின் பேச்சில் இருக்கிறது! சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தெற்கே நெய்மீன் என்பார்கள். புத்தகம் கடற்பசு என்பதை எங்கள் கடற்கரையில் ஆவுளியா என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வாங்க வருகிறவர் ‘நாட்டுப்படகு மீன் இருக்கா?’ என்றுதான் கேட்பார். மாதக் கட்டணம் வாங்கும் அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கருவிகள் பெரிய கம்பெனிகளுக்குப் பயன்படலாம். இந்த விஷயமெல்லாம் எங்கள் அம்மாவுக்குக் கருவி இல்லாமலே தெரியும்.

அப்படியானால் கூகுள் செய்வதெல்லாம் நியாயமா? அதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும் ‘ஏ.ஐ. ஓவர்வியூ’ வந்தது. கேட்ட கேள்விக்கு இயந்திரமே மேலே பதில் எழுதிவிடுகிறது. பல பேர் எழுதியதைப் படித்துத்தான் அது பதில் சொல்கிறது. எழுதியவன் பக்கத்தை யாரும் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைப் பார்க்கும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். எத்தனையாவது இடம் என்று கணக்குப் போடும் கருவிகள் எல்லாம் தடுமாறிப் போயின. கரையில் ஏலம் விடுபவர் ஒருவரே, விதியையும் அவரே நினைத்தபோது மாற்றுவார் என்றால் படகுக்காரன் கதி என்ன? அதே கதிதான் இங்கேயும். ஆகையால் மாமாவிடம் ஒன்று சொன்னேன்: “மாமா, கூகுளை மட்டும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க. வர்றவங்க நம்பரை நோட்டுல எழுதி வைங்க.” இப்போது அந்த நோட்டில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

ஆனாலும் இந்த வேலை செத்துவிட்டது என்று சொல்லுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். இயந்திரம் மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்லும். மீனைக் கொண்டுவந்து தராது. இன்றைக்கு எந்தக் கடையில் நண்டு இருக்கிறது என்பதைக் கடைக்காரன் சொன்னால்தான் அதற்கே தெரியும். அதோடு, எழுதப்பட்டதைப் படித்துத்தான் அது பேசுகிறது. நம் ஊரைப் பற்றி நாம் எழுதாவிட்டால் எவனோ எழுதியதை நம் ஊர் என்று அது சொல்லும். நம் பிள்ளைகளும் அதையே நம்பும்!

இதில் தமிழுக்கு ஏற்கனவே பட்ட அனுபவம் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணிப்பொறிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு வெறும் உளறல். லட்சக்கணக்கில் எழுதியும் தேடினால் கிடைக்காத எழுத்தாகப் போனது. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. பாடுபட்டு எழுதினால் மட்டும் போதாது, கண்டுபிடிக்கும்படி எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எனவே நண்பர்களுக்கு என் கருத்து இதுதான். குறுக்குவழி சொல்லித் தருகிறேன் என்பவரிடம் வீட்டுக் காசைக் கொடுக்காதீர்கள். கூகுளே தொடக்கநிலைக் கையேட்டை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நமக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷே போதும், அகராதியை வைத்துக்கொண்டு படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். படித்ததை உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்குச் செய்து பாருங்கள்.

மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு மலரை அச்சடித்து அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். யூனிகோடு எழுத்தில் இணையத்திலும் ஏற்றுங்கள். நம்முடைய ஊர்ப்பெயர்களும், நம் வீட்டுத் தொழில்களும், நம் பேச்சும் தேடுகிறவன் கையில் கிடைக்கட்டும். தட்டச்சு வேலைக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன்.

அம்மாவுக்கு 4,500 ரூபாய் பாக்கி இருக்கிறது. மாமா மாதம் 500 தருகிறார். இதுவரை ஐந்து மாதம் கொடுத்திருக்கிறேன். மீதியையும் நேர்வழியிலேயே அடைப்பேன்!